சிஸ்டம் ரொம்ப ஸ்லோ அண்ணே: பழைய டெஸ்க்டாப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் 2010-க்குப் பிறகு வாங்கிய டெஸ்க்டாப்கள் இன்னும் நிறைய உழைத்துக்கொண்டிருக்கின்றன. உரக்கடையில் பில் போடுகின்றன, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கின்றன, டிடிபி சென்டரில் பத்திரிகை அடிக்கின்றன. அவற்றை சர்வீஸுக்குத் தூக்கி வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை இவை. புது சிஸ்டம் வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டவர்கள் கடைசி இரண்டு கேள்விகளை மட்டும் படித்தால் போதும்.

ஆன் செய்து டீ குடித்துவிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் வருவதில்லை. முதலில் எதை மாற்றுவது?

எதையும் மாற்ற வேண்டாம். முதலில் பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியூ (ப்ராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் என்று பத்திகள் இருக்கும், எது எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும். சிஸ்டம் எப்போது திணறுகிறதோ அப்போதே அதைத் திறந்து பாருங்கள். நன்றாக ஓடும்போது பார்த்துப் பயனில்லை.

டிஸ்க் 100 என்று சிவந்து நிற்க, சிபியூ 20, 30-ல் இருந்தால் ஹார்டு டிஸ்க்தான் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கிறது. மெமரி 85, 90-ஐத் தாண்டினால் ராம் போதவில்லை. சிபியூ மட்டும் 100-ல் நின்றால், எந்த புரோகிராம் அதைத் தின்கிறது என்று பெயரைப் பாருங்கள். பெயரே புரியாத ஏதோ ஒன்று நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் சந்தேகப்படலாம்.

இன்னொன்று. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டம் முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற ஏற்பாடு பாதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அதையே எடுத்து வரும். தினமும் அணைத்துத்தான் போடுகிறேன் என்று சொல்பவர்களின் சிஸ்டத்தில் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பார்த்தால் அது பல நாளாக ஓடுவதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுங்கள். சிலருக்கு அதிலேயே பாதிக் கோளாறு போய்விடும், காசும் மிச்சம்.

டிஸ்க் 100 சதவீதம் என்றே காட்டுகிறது. வைரஸா?

பெரும்பாலும் இல்லை. ஹார்டு டிஸ்க்கின் இயல்பே அதுதான். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். கேட்ட தகவல் படிக்கும் தலைக்கு (ஹெட்) நேரே வரும்வரை காத்திருந்துதான் படிக்க முடியும். அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் வினாடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் அதால் எடுத்துக் கொடுக்க முடியும். விண்டோஸ் 10 ஆன் ஆனதும் அப்டேட், வைரஸ் ஸ்கேன், தேடல் பட்டியல் எல்லாம் ஒரே நேரத்தில் டிஸ்க்கிடம் கை நீட்டும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புரோட்டாக் கடையில் ஒரே ஒரு சப்ளையர் நிற்கிற கதைதான். கல்லில் ஆள் எத்தனை வேகமாகப் போட்டாலும் மேசைக்கு வந்து சேராது.

ஆனால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். அதில் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்று இரண்டு வரிகள் இருக்கும். பெண்டிங் பூஜ்யமாக இல்லாவிட்டால், படிக்க முடியாத இடங்கள் உருவாகத் தொடங்கிவிட்டன என்று பொருள். அப்போது வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். டக் டக் என்று சத்தம் வந்தால் ஸ்கேன்கூட ஓட்ட வேண்டாம். அணைத்துவிட்டு, ஃபைல் வேண்டுமென்றால் டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் கொடுங்கள்.

அப்போ எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடுமா? என் போர்டு ரொம்பப் பழசு.

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது எஸ்எஸ்டியாக இருக்கட்டும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க் அது. சுற்றும் தட்டு இல்லாததால் வினாடிக்குப் பல ஆயிரம் முறை படிக்கும்.

நம் பக்கம் அதிகம் புழங்கும் எச்61 வகை மதர்போர்டில், டிஸ்க் கேபிள் செருகும் இடம் பழைய சாட்டா 2 போர்ட்தான். எஸ்எஸ்டி பெட்டியில் வினாடிக்கு 550 எம்பி என்று போட்டிருந்தாலும் இதில் அதற்குப் பாதியளவுதான் வரும். அதனால் போர்டையும் மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். பெரிய ஃபைல் காப்பி செய்யும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும். விண்டோஸ் திறப்பதற்கும், கணக்கு எழுதும் டாலி திறப்பதற்கும் வேண்டியது சின்னச் சின்ன ஃபைல்களைச் சட்டென்று எடுக்கும் திறமைதான். அது சாட்டா 2-லும் கிடைத்துவிடும். எச்81 போர்டு என்றால் இரண்டு சாட்டா 3 போர்ட், இரண்டு சாட்டா 2 போர்ட் இருக்கும். எஸ்எஸ்டி கேபிளை வேகமான போர்ட்டில் செருகினீர்களா என்று மட்டும் பாருங்கள்.

வாங்கும்போது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய பட்டை மாதிரி வரும் என்விஎம்இ வகை எச்61, ஜி41 போர்டுகளில் நேராகப் பொருந்தாது. அடாப்டர் போட்டுச் செருகினாலும் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆவது சந்தேகம். அலுவலக வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி தாராளம். பழைய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது டிஸ்க்காக வைத்துப் படங்களையும் பழைய கணக்குகளையும் அதில் போடலாம்.

ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்கு என்று விளம்பரம் வரும். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், நிரம்பியதும் பழைய ஃபைல் மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற புரோகிராம் முழுசும் எழுதிப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும்.

ராம் எவ்வளவு போடலாம்?

4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். குரோமில் ஏழெட்டு டேப் திறக்கிறவர்களுக்கு அது உடனே தெரியும். 8-லிருந்து 16-க்குப் போவதில் பில் போடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஃபோட்டோஷாப் வேலை செய்கிற ஸ்டுடியோக்காரருக்குத் தெரியும். விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் எவ்வளவு ராம் செருகினாலும் 4 ஜிபிக்குள்தான் நிற்கும், அதிலும் மூன்றேகால் அளவுக்குத்தான் பயன்படும். முதலில் 64 பிட் போட வேண்டும்.

ஜி41 போர்டு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். அதில் டிடிஆர்3 வகை 4 ஜிபி ராம் செருகும்போது இரண்டு பக்கமும் எட்டெட்டாக மொத்தம் 16 சிப் இருக்கும் ராம்தான் எடுக்கும். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ள புதிய வகையைச் செருகினால் டிஸ்ப்ளேயே வராது. கடைக்காரர் ராம் நல்ல ராம்தான் என்பார், வேறு போர்டில் ஓடியும் காட்டுவார். அவர் சொல்வதும், என் போர்டில் ஓடவில்லை என்று நீங்கள் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். பழைய ராமைக் கையோடு கொண்டு போய்க் காட்டி வாங்குவது நல்லது.

டிடிஆர்4 ராம் ஒன்று சும்மா கிடக்கிறது. டிடிஆர்3 போர்டில் போடலாமா?

முடியாது. ராமின் அடியில் வெட்டு இருக்கும் இடமே வேறு, வோல்டேஜும் வேறு. அழுத்திச் செருகிப் பார்க்கவும் வேண்டாம்.

ப்ராசஸர் மாற்றினால் வேகம் வருமா?

டாஸ்க் மேனேஜரில் சிபியூ அடிக்கடி 100-ஐத் தொட்டால் மட்டும் யோசிக்கலாம். எச்61 போர்டில் ஐ3 2100 ப்ராசஸர் இருந்தால், அதே சாக்கெட்டில் உட்காரும் ஐ5 2400 செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். இரண்டு கோர் நான்காகும். ஐ5 3470 போன்ற மூன்றாம் தலைமுறை என்றால் பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் புரோகிராம், அப்டேட் தேவைப்படலாம். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டே படுத்துவிடும், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், எஸ்எஸ்டியும் ராமும் போட்ட பிறகு இதற்கு அவசியம் வருகிறவர்கள் குறைவு.

சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஆனால் தானாக அணைந்துவிடுகிறது. காலையில் நன்றாக ஓடுகிறது.

வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே சிபியூ பெட்டியை வைத்திருந்தால் அதற்கும் மூச்சு முட்டும். ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். அதற்கும் மேலே போனால் சிஸ்டம் அணைந்துவிடும். ஆகவே சூட்டுக்கும் ஸ்லோவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சூடு எவ்வளவு என்று காட்டும் எச்டபிள்யூமானிட்டர் புரோகிராமில், வேலை நடக்கும்போது 85-ஐத் தாண்டினால் கேபினட்டைத் திறக்க வேண்டிய நேரம்.

திறந்தால் என்ன இருக்கும் என்பது இடத்தைப் பொறுத்தது. மேலூர்ப் பக்கம் கிரானைட் பட்டறைகளிலிருந்து வருவதில் வெள்ளைப் பொடி, ரைஸ்மில்லிலிருந்து வருவதில் உமித்தூசி, வீட்டிலிருந்து வருவதில் எறும்புக் கூடும் பல்லி முட்டையும். சிஸ்டத்துக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி போய்க் கருகியதும் உண்டு. கேபினட் பின்பக்க ஓட்டைகளுக்குத் தகடு போட்டால் அதைத் தடுக்கலாம். ஆடிக் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை சுத்தம் செய்வது நம் பக்கத்துக்குச் சரியான கணக்கு.

கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு வெளியே எடுத்துப் போய் புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். ஈரத்துணி வேண்டாம். ப்ராசஸர் மேல் இருக்கும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தால் வழித்தெடுத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். ப்ராசஸர் மேல் உட்காரும் ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் பின்களும் போர்டில் முழுசாக இறங்கியிருக்கின்றனவா என்று அடிப்பக்கத்தில் பாருங்கள். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தாலும் சூடு குறையாது.

அப்படியே போர்டில் நிற்கும் உருளையான கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் அந்த போர்டுக்கு எஸ்எஸ்டி வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. இதற்கும் ஸ்லோவுக்கும் சம்பந்தம் உண்டா?

ஸ்லோவுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் தகரப் பெட்டிக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் போகின்றன. மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் அது போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் பாதி, 115 வோல்ட் அளவுக்குப் பெட்டியில் காட்டும். அந்த மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு நிற்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸே பழுதாகி லைன் பெட்டியைத் தொட்டுவிட்டால் கதை வேறு, உயிருக்கே ஆபத்து.

பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், மேலே உள்ள பெரிய ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவு வருகிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தாலும் இந்தத் தொல்லை வரும். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுகிற வழக்கத்தை இன்றே விடுங்கள். பிரிண்டர் கேபிள் செருகும்போது போர்டின் யூஎஸ்பி போர்ட் போவதற்கும் இது ஒரு காரணம்.

ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருடத்துக்குப் போகிறது. வெப்சைட்டும் திறப்பதில்லை.

போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு மறுத்துவிடும். பேட்டரி போட்டு, தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. இதற்காக ஓஎஸ், அதாவது விண்டோஸை மாற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஃபார்மட் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். அடிக்கலாமா?

ஹார்டு டிஸ்க்கிலேயே ஃபார்மட் அடித்துத் திரும்ப ஓஎஸ் போட்டால் சில வாரம் நன்றாக இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. எஸ்எஸ்டி போடும்போது புதிதாக ஓஎஸ் போடுவது சரி. பழைய டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டு, புதியதில் எல்லாம் ஓடுகிறது என்று ஒரு மாதம் பார்த்த பிறகு அழித்துக்கொள்ளலாம். எந்தக் கடையில் கொடுத்தாலும் இந்த ஒரு நிபந்தனையைச் சொல்லிக் கொடுங்கள்.

டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருப்பதை எல்லாரும் காப்பி எடுக்கிறார்கள். விட்டுப்போவது வேறு. டாலி கணக்கு 10000, 10001 மாதிரி எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் இருக்கும். தெரியாதவர் குப்பை என்று நினைத்துவிடுவார். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் போய்விடும். ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகை மெஷின் ஆகியவற்றின் டிரைவர்கள் போய்விடும்.

டிடிபி கடைக்காரர்களுக்குத்தான் பெரிய இழப்பு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகையும் போஸ்டரும் அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் எண்கள்தான். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். அதன் சிடி இன்னும் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃபார்மட் பேச்சை எடுங்கள்.

ரைஸ்மில், கமிஷன் மண்டிகளில் ஓடும் டாஸ் கால பில்லிங் புரோகிராம்கள் பல 16 பிட். அவை 64 பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்ட் வருகிறதா என்பதையும் சேர்த்துச் சோதித்த பிறகு மாறுங்கள்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாமே. 11 போட வேண்டுமா?

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. அன்றைக்கு எந்த சிஸ்டமும் நின்றுவிடவில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் நீட்டிப்பு பெறும் வழியையும் மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவதும் வேண்டும் என்பது அவர்கள் விதி. எச்61, எச்81 எல்லாம் அதற்குள் வராது. ரூஃபஸ் என்ற புரோகிராமை வைத்து அந்தச் சோதனையைத் தாண்டிப் போட்டுக் கொடுக்கிறார்கள், ஓடவும் ஓடுகிறது. ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கோர் 2 டூவோ ப்ராசஸர் என்றால் அந்த வழியும் கிடையாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு கேட்கும் கட்டளைத் தொகுதி அந்த ப்ராசஸரில் இல்லை.

பேங்க் வேலை பார்க்காத, நெட்டே இல்லாத பில்லிங் சிஸ்டத்தில் 10 அப்படியே இருக்கட்டும். நெட் பேங்கிங் பார்க்கிற சிஸ்டத்தில் அப்டேட் இல்லாமல் ஓட்டுவது எனக்கு உடன்பாடில்லை. விண்டோஸ் 7-ல் இன்னும் இருப்பவர்களுக்கு: குரோம் அதில் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது.

விண்டோஸுக்குப் பதில் இலவச ஓஎஸ் லினக்ஸ் போட்டால்?

பிரவுசர், யூடியூப், கடிதம் அடிப்பது, பிடிஎஃப் பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் தாராளமாக. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ராமில் நன்றாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் வைத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் ஏற்றி, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம்; பிரிண்டர் எடுக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். டாலி, போட்டோஷாப், பேஜ்மேக்கர் வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

ஒரே கிளிக்கில் வேகமாக்கும் சாஃப்ட்வேர் நெட்டில் இருக்கிறதே?

இருக்கிறது. அதை நீக்குவதற்குத்தான் பலர் சிஸ்டத்தை எடுத்து வருகிறார்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக வைப்பதும் அப்படித்தான். ஓசியில் விண்டோஸை ஆக்டிவேட் செய்து தரும் கிராக் புரோகிராம்கள் முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். ஏன் என்று யோசியுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை, பீப் அடிக்கிறது.

கரண்டை எடுத்துவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துடைத்து, கிளிக் என்று இரு பக்கமும் பூட்டும்வரை செருகுங்கள். முக்கால்வாசி அதுதான்.

யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனதும் சிஸ்டம் அணைகிறது. அதனால் கெடுதல் உண்டா?

உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் ஃபைல் உடையும், டாலி டேட்டாவும் உடையும். 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இருக்கும். இரண்டு மூன்று வருடத்தில் அது ஓய்ந்துவிடும். யூபிஎஸ்ஸைத் தூக்கிப் போடாமல் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள்.

எவ்வளவு வரை செலவு செய்யலாம்? எப்போது விட்டுவிடுவது?

எஸ்எஸ்டி, ஒரு ராம், பேஸ்ட், சுத்தம். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கணக்கு. இந்த மூன்று நான்கும் வேலை செய்யாவிட்டால் ஐந்தாவதும் செய்யாது. போர்டு போய்விட்டால் அதே பழைய போர்டைத் தேடி வாங்குவது வீண். கம்பெனிகளில் லீஸ் முடிந்து வரும் எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்கள் ரீஃபர்பிஷ்டு கடைகளில் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஓடும். பில் இல்லாமல் வாங்க வேண்டாம், டிஸ்க்கின் ஆயுளைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் கடையிலேயே பாருங்கள். உங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு அகலமான பழைய பேரலல் போர்ட் தேவையா என்றும் பாருங்கள். புது போர்டுகளில் அது பெரும்பாலும் இல்லை. யூஎஸ்பி மாற்றுக் கேபிள் டாஸ் புரோகிராமுக்கு நேரடியாக உதவாது.

பழைய சிபியூ பெட்டியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடலாமா?

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றாமல் போடக் கூடாது. டெலீட் செய்வதாலும் குயிக் ஃபார்மட்டாலும் ஃபைல்கள் போவதில்லை, திரும்ப எடுக்க முடியும். ஆதார் நகல், பான், வாடிக்கையாளர் போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்க் ஓடுகிற நிலையில் இருந்தால் முழு ஃபார்மட் கொடுங்கள், நேரமாகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஓடாத டிஸ்க் என்றால் ஸ்க்ரூவைக் கழற்றித் தட்டில் நாலு இடத்தில் டிரில் போடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, சிதறும், துணி சுற்றிக்கொண்டு செய்யுங்கள். மற்ற பாகங்களை இ-வேஸ்ட் எடுக்கும் பதிவுபெற்ற நிறுவனத்திடம் கொடுக்கலாம். போர்டையும் வயரையும் செம்புக்காகத் தெருவோரம் வைத்து எரிக்கிறவர்களிடம் போக வேண்டாம். ராம், ப்ராசஸர், நல்ல எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றைத் தனியாகக் கழற்றி வைத்தால் சர்வீஸ் கடையிலேயே ஒரு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.